சூசையின் கணையத்தில் விழுந்த என் கண்

ஒரு மனிதனின் கண் பட்டு இன்னொரு மனிதனின் கணையம் கெட்டுப்போகும் என்று நான் நம்பியிருக்கிறேன். படிக்காத வயதில் அல்ல. ஆஸ்பத்திரி லேபில் பத்துப் பன்னிரண்டு வருடம் ரத்தமும் சிறுநீரும் அளந்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, வெள்ளைக் கோட்டுப் பையில் இரண்டு பேனா குத்திய நிலையில் நம்பினேன். அந்தக் கண் என்னுடையது. கணையம் என் சிநேகிதன் சூசையுடையது.

இதை எழுத வைத்தது ஒரு பிளாஸ்டர் துண்டு. ஐம்பத்தைந்து வயது முடிந்து, போன மாதம்தான் எனக்கு வேலையிலிருந்து விடை கொடுத்தார்கள். லேபில் இப்போது புது மெஷின். ரத்தத்தைத் தானே உறிஞ்சி, தானே கலக்கி, தானே ரிசல்ட்டைத் துப்புகிறது. பழைய பெஞ்சைத் தூக்கிப்போட வந்த இளைய பிள்ளைகள், அதன் ஓரத்தில் மஞ்சளாகிப் போய் ஒட்டியிருந்த பிளாஸ்டர் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு அங்கிள்?" என்றார்கள்.

"என் வாயில ஒட்டுறதுக்கு" என்றேன்.

சிரித்தார்கள். வருடக்கணக்காக நான் உண்மையைச் சொல்லும்போதுதான் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

வார்டில் அட்டெண்டன்டாக இருந்த நான் எழுபதுகளின் தொடக்கத்தில் லேபுக்கு மாறினேன். பயிற்சி இரண்டு வருடம். முதல் வருடம் கண்ணாடிக் குழாய்களைக் கழுவினேன். இரண்டாம் வருடம் மற்றவர்கள் கழுவியதைக் குறை சொன்னேன். அதற்குமேல் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது எங்கள் மேலதிகாரி மிஸ் தில்லைநாயகியைப் பற்றித்தான்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம். பருத்திச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்புச் செய்தால் பக்கத்தில் வந்து நிற்பார். அவ்வளவுதான். நாம் செய்த தப்பு நமக்கே தெரியும்வரை நிற்பார். அதற்கு ஒரு நிமிடம் ஆகும், சில நாள் அரை மணிகூட ஆகும். அவர் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார்.

அவர் எனக்குப் பிளாஸ்டர் ஒட்டிய காரணம் அமைலேஸ் டெஸ்ட். அமைலேஸ் என்பது மாவுச்சத்தை உடைக்க கணையம் சுரக்கிற ஒரு பொருள். கணையம் புண்பட்டு வீங்கினால் அது ரத்தத்தில் எக்கச்சக்கமாக வழியும். அதை அளக்க அப்போது எங்களிடம் மெஷின் கிடையாது. கஞ்சி போலக் கரைத்த மாவுச்சத்தை இரண்டு குழாயில் எடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நோயாளியின் ரத்தத் தெளிவை, அதாவது உறைந்த ரத்தத்தின் மேல் நிற்கும் நீரை, துளியளவு விட வேண்டும். இரண்டையும் உடம்புச் சூட்டில் வைத்த வெந்நீர்த் தொட்டியில் சரியாக ஏழரை நிமிடம் நிறுத்தி, பிறகு அயோடின் ஊற்ற வேண்டும். மாவுச்சத்து இருந்தால் கருநீலம். கணையம் வீங்கியவனின் குழாயில் மாவுச்சத்து எல்லாம் கரைந்துபோயிருக்கும். நீலம் வராது.

இதில் ஒரு சங்கடம். மனிதன் எச்சிலிலும் அமைலேஸ் இருக்கிறது, ஏராளமாக. அந்தக் காலத்தில் ரத்தத்தையும் மருந்தையும் கண்ணாடிப் பிப்பெட்டில் வாயால்தான் உறிஞ்சி அளப்போம். நுனியில் பஞ்சு வைத்திருப்போம் என்றாலும், பேசிக்கொண்டே செய்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு எச்சில் குழாயில் தெறித்தால் போதும். நல்ல கணையம் உள்ளவன்கூட சாகக் கிடப்பதாக ரிசல்ட் வரும். நானோ வாய் ஓயாதவன். ஒருமுறை, காலில் ஆணி குத்தி வந்த ஆளுக்குக் கணையம் வீங்கியிருப்பதாக எழுதிக் கொடுத்தேன்.

மிஸ் தில்லைநாயகி வந்து நின்றார். பிறகு இரண்டு அங்குலம் பிளாஸ்டரை வெட்டி நீட்டினார். "இந்தாரும் நாகராஜன். பிப்பெட் வாயில இல்லாத நேரமெல்லாம் இது உம்மட வாயில இருக்கோணும். ஒண்டு முடிஞ்சா இதில ஒட்டி வையும், எண்ணிப் பார்ப்பம்."

அப்படிச் சேர்ந்தவைதான் பெஞ்சு ஓரத்துத் துண்டுகள்.

இனி சூசை. எக்ஸ்ரே பிரிவின் இருட்டறையில் பிலிம் கழுவும் வேலை. என்னைவிட ஐந்து வயது இளையவன், என்னைவிடப் பருமன். இரண்டு பேரும் பிடோக் வீடமைப்பில் அடுத்தடுத்த பிளாக். ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருவோம். இரண்டு பேர் சீட்டில் அவன் ஒருவன், அடுத்த இரண்டு பேர் சீட்டில் நான் ஒருவன். இரண்டு பேருக்கும் சர்க்கரை.

திங்கட்கிழமைதோறும் எங்களுக்குள் ஒரு போட்டி. வெறும் வயிற்றில் வந்து, இரண்டு பேர் ரத்தத்தையும் நானே எடுத்து, நானே சர்க்கரை பார்ப்பேன். யாருக்குக் குறைவோ அவன் ஜெயித்தவன். பத்து மணிக்குத் தேக்கா மார்க்கெட் காப்பிக் கடையில் ஜெயித்தவன் மீன் கறியோடு பிராட்டா, அதாவது பரோட்டா, சாப்பிடுவான். தோற்றவன் எதிரே உட்கார்ந்து சர்க்கரை இல்லாத கோப்பி ஓ கோசோங் குடித்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். சர்க்கரை குறைந்ததற்குப் பரிசு பிராட்டா என்று விதி வகுத்த எங்கள் அறிவை நீங்கள் மெச்ச வேண்டும். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

எண்பதுகளின் நடுவில், தீவெங்கும் எம்ஆர்டி ரயிலுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் சூசை இருட்டறைக் கதவில் மாட்டிக்கொண்டான். வெளிச்சம் புகாமல் இருக்க உருளை மாதிரிச் சுழலும் கறுப்புக் கதவு அது. நடுவில் நின்றவன் முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. மூன்று பேர் தள்ளி வெளியே எடுத்தார்கள். நான் தள்ளவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு அடுத்த வாரம், வெளிநாட்டில் கற்றுவந்த ஒரு சர்ஜனிடம் எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். வயிற்றின் மேல்பகுதியை மட்டும் சிறு பை போலப் பிரித்து ஸ்டேபிள் போட்டு, குடலை மேலே இழுத்து அதோடு இணைக்கிற அறுவை. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். அவர் காகிதத்தில் படம் வரைந்தார். வயிற்றுக்குப் பின்னால் மாவிலை மாதிரி ஒன்றை வரைந்து, இது கணையம், இதைத் தொடமாட்டோம் என்றார். எனக்குக் "கணையம்" மட்டும்தான் காதில் விழுந்தது. வருடக்கணக்காக நீலம் வராத குழாய்களைப் பார்த்தவன் நான். அவற்றில் சில குழாய்களின் சொந்தக்காரர்கள் வீடு திரும்பவில்லை.

"டாய்லெட் போய்ட்டு வர்றேன் டாக்டர்" என்றேன். எங்கள் வீட்டு டாய்லெட்டுக்குத்தான் போனேன், பஸ் ஏறி.

சூசை சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான்.

அறுவை முடிந்து ஆறாம் நாள் அவன் ரத்தம் என் பெஞ்சுக்கு வந்தது. உடம்பு இன்னும் இளைக்கவே இல்லை. சர்க்கரை மட்டும் இறங்கியிருந்தது. மறுபடி செய்தேன். மூன்றாம் தடவையும் செய்தேன். குழாயில் பெயர் சரியா என்று பார்த்தேன். வார்டுக்குப் போய், கட்டிலில் கிடப்பது சூசைதானா என்றும் பார்த்தேன்.

"என்னண்ணே, நான்தான் லா" என்றான்.

மிஸ் தில்லைநாயகியிடம் முறையிட்டேன். "அவற்ற கணையம் செத்துப் போகேல்லை, நாகராஜன். களைச்சுப் போய்க் கிடந்தது. பாரத்தை இறக்கினவுடனே எழும்பி வேலை செய்யுது. ஏன் இவ்வளவு கெதியா எழும்புது எண்டு டொக்டருக்கே சரியாத் தெரியாதாம்."

"அப்ப என் கணையம் மேடம்?"

"அது உம்மோட சேர்ந்து பிராட்டா சாப்பிடுது."

அன்று பிடித்தது என் வயிற்றெரிச்சல். அதற்கு எந்த டெஸ்டும் கிடையாது, இருந்திருந்தால் என் குழாய் வெடித்திருக்கும்.

மாதங்கள் போகப்போக சூசை கரைந்தான். திங்கட்கிழமைகளில் கோப்பி ஓ கோசோங் எனக்கே நிரந்தரமானது. ஜெயித்தவன் பிராட்டாவில் கால்வாசி பிய்த்துத் தின்றுவிட்டு, "போதும்ணே, வயிறு ஃபுல்லு" என்று தட்டைத் தள்ளிவைப்பான். தோற்றுப்போனவன் மிச்சத்தைத் தின்பதா இல்லையா என்று விதியில் எழுதவில்லை. நான் தின்றேன். பஸ்ஸில் அவன் என் சீட்டிலேயே பக்கத்தில் உட்கார்ந்தான், இடம் போதுமாம். இருட்டறைக் கதவைக் காலால் தட்டிச் சுழற்றிவிட்டு உள்ளே போனான். மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் மேலே ஒரு நாள் பிளாஸ்டிக் பையோடு என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, என் பழைய காற்சட்டைங்க. நல்ல துணி. வீணாப் போவுது. உங்களுக்குச் சரியா இருக்கும்."

வாங்கி அலமாரியில் எறிந்தேன். அவன் போன பிறகு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என்னைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அவனுக்குக் கிடைத்தது எனக்கும் கொடுக்கப்பட்டது. அதே அறை, அதே டாக்டர், அதே படம். நான் ஓடிவந்தேன். மற்றவனின் அதிர்ஷ்டத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவதிலாவது ஒரு கௌரவம் இருக்கிறது. என்னுடையது அவன் தைரியத்தைப் பார்த்து வந்தது. ஆகவே அந்த அறுவை எங்கேயாவது பிசகாதா என்று காத்திருந்தேன். பிசகினால் நான் ஓடியது புத்திசாலித்தனம் ஆகிவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை, பஸ் ஸ்டாப்பில், சூசை செராங்கூன் ரோட்டுத் தையற்காரரிடம் தைத்த புதுக் காற்சட்டையோடு நின்றான். பெல்ட் போடும்படியான இடுப்பு. மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தேன். 'எத்தனை நாளைக்குன்னு பாப்போம்டா' என்று மனதுக்குள் சொன்னேன். வாய் ஓயாத நான் மனதுக்குள் சொன்னது அது ஒன்றுதான்.

மத்தியானம் இருட்டறைக் கதவு மறுபடி நின்றுவிட்டது. உள்ளே சூசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. லேபில் நானும், உள்ளறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மிஸ் தில்லைநாயகியும் மட்டும். அவன் ரத்தம் வந்தது. கூடவே வார்டிலிருந்து போன்: மேல் வயிற்றில் முதுகுவரை பாயும் வலி, ஸ்டேபிள் போட்ட இடம் பிரிந்து கசிகிறதோ என்று சந்தேகம், தியேட்டரைத் தயார் செய்கிறார்கள், அமைலேஸ் உடனே வேண்டும். கசிவென்றால் திறந்துதான் ஆக வேண்டும். கணையம் என்றால் திறக்கவே கூடாது, திறந்தால் ஆளைக் கொன்றுவிடும். தீர்ப்பு என் இரண்டு குழாயில்.

பிளாஸ்டரை மறந்தேன். குழாயின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, "டே சூசை, நான் சும்மா பாத்தேன்டா, வேணும்னு பாக்கலடா" என்று அவன் ரத்தத்தோடு பேசிக்கொண்டே பிப்பெட் பிடித்தேன். ஏழரை நிமிடம். அயோடின் ஊற்றினேன்.

ஒரு குழாய் கருநீலம். சூசையின் குழாயில் நீலம் இல்லை. அயோடினின் மஞ்சள்தான் நின்றது.

முதலில் தோன்றியது: என் கண் போய்க் கணையத்தில் விழுந்துவிட்டது. இரண்டாவதாகத் தோன்றியது: இல்லை, என் எச்சில். பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு, பிப்பெட் பிடிக்க மட்டும் அதை உரித்து, மறுபடி செய்தேன். இன்னொரு ஏழரை நிமிடம். நீலம் வரவில்லை. ஆனால் அதே ரத்தம், நான் மேலே குனிந்து புலம்பிய அதே திறந்த குழாய். எச்சில் ஏற்கனவே உள்ளே இருந்தால்? போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கணையம் என்று சொல்லி, அது என் எச்சிலாக இருந்து, வயிறு கசிய அவன் செத்தால்? சொல்லாமல் விட்டு அவர்கள் திறந்தால்?

இன்னும் ஒன்று இருந்தது. அந்த வெளுத்த குழாயைப் பார்த்தபோது, அறுவை பிசகிவிட்டது, ஓடியது சரிதான் என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். நான் எதிர்பார்த்த ரிசல்ட்டே வந்திருப்பதால், அதை நம்ப எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

உள்ளறைக்குப் போனேன். வாயில் பிளாஸ்டர் இருப்பதை மறந்து பேசினேன். அவர் எழுந்து வந்து, அதை ஒரு இழுப்பில் உரித்தார்.

"இனிச் சொல்லும்."

சொன்னேன். கண்ணைப் பற்றியும் சேர்த்து.

"கண்ணை விடும். எத்தனை நிமிஷம் போச்சுது?"

"இருபது, மேடம்."

அவர் போனை எடுத்து, ஒரு சொல்லையும் மெழுகாமல் சொன்னார்: முதல் ரிசல்ட் மிக அதிகம், எங்கள் பக்கத்துத் தவறால் அதை நம்ப முடியவில்லை, புது ரத்தம் எடுக்க ஆள் வருகிறது, பதினைந்து நிமிடம் கத்தி வைக்காதீர்கள். பிறகு புதுப் பிளாஸ்டர் வெட்டி என் வாயில் அவரே ஒட்டினார். "போய் நீரே எடுத்து, நீரே செய்யும். எனக்கு உம்மட கை வேணும். வாய் வேண்டாம்."

தாழ்வாரத்தில் பிளாஸ்டர் ஒட்டிய வாயோடு ஒரு பருத்த மனிதன் ஓடுவதைப் பார்த்து, நர்ஸ்கள் வழிவிட்டார்கள். வார்டில் சூசை முட்டியை வயிற்றோடு மடக்கிக் கிடந்தான். முகம் சாம்பல். பக்கத்தில் அவன் மனைவி பிலோமினா கையில் ஜெபமாலை. நான் ஊசியை எடுத்ததும் கண்ணைத் திறந்தான்.

"என்னண்ணே… உங்க வாயையும் ஸ்டேபிள் பண்ணிட்டாங்களா?"

சிரிக்கப் போய் வலியில் துடித்தான். பதில் சொல்ல முடியாமல் தலையாட்டினேன். வாழ்க்கையில் எனக்குப் பதில் இருந்தும் சொல்லாமல் விட்ட ஒரே இடம்.

புது ரத்தம், புது பிப்பெட், புதுப் பஞ்சு. ரத்தத் தெளிவைப் பத்து மடங்கு நீர்க்கவைத்து இன்னொரு குழாயும் வைத்தேன். மிஸ் தில்லைநாயகி பக்கத்தில் நின்றார். ஏழரை நிமிடமும் நின்றார். அயோடினை ஊற்றினேன். நீர்க்கவைத்ததில்கூட நீலம் வரவில்லை.

அவர் போனை என்னிடம் நீட்டி, பிளாஸ்டரை உரித்தார். "உம்மட ரிசல்ட். நீர் சொல்லும்."

சொன்னேன். தியேட்டரை நிறுத்தினார்கள். வாய்வழி ஒன்றும் கொடுக்காமல், மூக்கில் குழாய், கையில் டிரிப் என்று கணையத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து என் மனைவி சரோஜாவிடம், உப்பும் காய்ந்த மிளகாயும் எடு, சூசைக்குச் சுத்திப் போடப் போகிறேன் என்றேன். யார் கண் என்று கேட்டாள். சொன்னேன்.

"ஏங்க, கண்ணு வெச்சவரே சுத்திப் போட்டா அது எங்க போவும்? நேரா உங்ககிட்டதான் திரும்பி வரும்."

அதற்கும் பயந்தேன். இருந்தாலும் மறுநாள் சாம்பிள் பையில் உப்பையும் மிளகாயையும் ஒளித்து வார்டுக்குக் கொண்டுபோனேன். மாதா படத்தைத் தலைமாட்டில் வைத்திருந்த பிலோமினா முறைத்தாள். சூசை, "பண்ணட்டும் விடு, இவருக்கு வேற வேலை இல்ல" என்றான். மூன்று சுற்றுச் சுற்றினேன். மிளகாயை எரிக்க ஆஸ்பத்திரியில் அனுமதி இல்லை.

அதே வாரத்தில் வெட்கமான விஷயம் ஒன்று நடந்தது. புண்பட்ட கணையம் சர்க்கரையைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறியது. திங்கட்கிழமை அவன் ரத்தம் வந்தபோது, பழக்கத்தில் என்னுடையதையும் பார்த்தேன். அவனுக்கு என்னைவிட அதிகம். அரை நொடி எனக்கு மீன் கறி வாசனை வந்தது. பிறகு எழுந்துபோய் முகத்தைக் கழுவினேன். பத்து மணிக்குத் தேக்காவுக்குப் போகவில்லை.

அவன் கொஞ்சம் தேறி உட்கார்ந்ததும், பஸ் ஸ்டாப்பில் நான் பார்த்த பார்வையைச் சொன்னேன். மனதுக்குள் சொன்னதையும் சொன்னேன்.

சூசை கேட்டான்: "அன்னிக்கு மட்டுமாண்ணே?"

"இல்லடா. ஆறாம் நாள்லேர்ந்து."

"எனக்குத் தெரியும் லா. அதான் காற்சட்டை கொண்டாந்து கொடுத்தேன். உங்கள எரிய வைக்கத்தான்."

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். அதன் பின் சர்ஜன் எங்களுக்கு மறுபடி படம் வரைந்தார். இந்த முறை நான் டாய்லெட்டுக்குப் போகவில்லை.

உடம்பு வேகமாக இளைக்கும்போது கரைகிற கொழுப்பிலிருந்து நிறையக் கொலஸ்ட்ரால் பித்தநீரில் சேரும், சாப்பாடு குறைவதால் பித்தப்பையும் சரியாகச் சுருங்காது, தேங்கியது கல்லாக இறுகும். சூசை இளைத்த அந்த மாதங்களில் அவன் பித்தப்பையில் கற்கள் உண்டாகியிருந்தன. அதில் மிளகில் பாதி அளவு உள்ள ஒன்று நழுவி, பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேர்கிற வாயில் சிக்கியது. கணையம் வீங்கியது. கல் தானாகக் குடலுக்குள் இறங்கியதும் வீக்கம் வடிந்தது. என் குழாயில் எச்சில் இருக்கவில்லை, முதல் ரிசல்ட்டும் சரியானதே. சில வாரம் கழித்துப் பித்தப்பையை எடுத்தார்கள், மிச்சக் கற்களைப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு சூசையின் கணையம் அவனைத் தொந்தரவு செய்யவில்லை. சர்க்கரையும் இறங்கி, இன்றுவரை சரியாக இருக்கிறது. என்னுடையது இல்லை.